அக்காவின் தெத்துப்பல்

கூடலூர்
14.2.1982

அன்புத் தம்பி அழகர்சாமிக்கு,

அக்கா ராக்கம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் சுகம். மதுரையில் நீயும் மூக்கம்மாவும் பிள்ளைகளும் சுகம்தானே? தை முடிந்தும் இந்த வருஷம் பனி விடவில்லை. காலையில் பேர் கூப்பிட நிற்கும்போதே விரல் மரத்துவிடுகிறது. அதற்கப்புறம் தேயிலைக் கொழுந்து எங்கே கிள்ளுவது?

ஒரு சங்கதி, சிரிக்காமல் படி. என் மேல்வரிசை முன்பல் ஆறும் போய்விட்டன. ஒவ்வொன்றாக ஆட்டம் கண்டு, ஈறு வீங்கி, கடைசியில் ஆஸ்பத்திரியில் மூன்று தவணையாகப் பிடுங்கிவிட்டார்கள். வெற்றிலை புகையிலைக்கு இதுதான் கூலி என்கிறார் உன் மச்சான். அவர் பீடிக்கு என்ன கூலியோ. லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகள் என்னைக் கண்டால் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு கிழவி மாதிரி பேசிக் காட்டுகின்றன. எனக்கு நாற்பத்தேழுதான் ஆகிறது என்று அதுகளிடம் யார் சொல்வது?

இதையெல்லாம் சகித்துக்கொள்வேன். ஆனால் தலவாக்கொல்லையிலிருந்து மகள் பங்கஜம் எழுதியிருக்கிறாள். பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்திருக்கிறாளாம், ஜூன் மாதம் வருகிறாளாம். பதினொரு வருஷம் ஆயிற்று தம்பி. அவள் புருஷனுக்குச் சிலோன் பிரஜாவுரிமை, நமக்கு இந்தியா என்று கடுதாசி பிரித்துவிட்டது. தலைமன்னாரில் அவள் கரையில் நிற்க, நான் கப்பலில் நின்றேன். நான் அழுதால் அவள் தண்ணீரில் குதித்துவிடுவாள் என்று பயந்து, கண்ணுக்கு மறையும்வரை பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே நின்றேன். "உன் தெத்துப்பல் சிரிப்புதான்மா கண்ணிலேயே நிற்குது" என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாள். அந்தச் சிரிப்போடுதான் அவள் என்னைத் திரும்பப் பார்க்க வேண்டும். வேறொன்றும் நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுக்கிறவன் என் கூடப் பிறந்திருக்கிறான். செய்து தருவாயா?

இப்படிக்கு,
உன் பொக்கைவாய் அக்கா,
ராக்கம்மா

*

மதுரை
26.2.1982

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி அழகர்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு மீனாட்சி துணை.

தருவாயா என்று ஒரு கேள்வியா? டாக்டர் அளவு எடுத்துக் கொடுப்பதோடு சரி, பின்னறையில் உட்கார்ந்து பல் செட் செய்கிறவன் நான்தான். மதுரையில் எத்தனையோ பெரிய மனிதர்களின் சிரிப்பு என் கையால் செய்தது. பேர் சொன்னால் அடிக்க வருவார்கள். உனக்குக் கழற்றி மாட்டும் செட் போதும். மேல் அண்ணத்தில் ஒட்டி நிற்கும் ஒரு மெல்லிய தகடு, அதில் ஆறு பல், பின்பற்களைப் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பிக் கொக்கி. பிறவிப்பல் இல்லை என்று பங்கஜத்துக்குத் தெரியாது. அதற்கு நான் ஜவாப்தாரி.

இத்துடன் ஒரு பார்சல். சாக்லேட் நிறத்தில் வில்லை இருக்கிறதே, அதைத் தின்றுவிடாதே. அதுதான் அச்சு எடுக்கும் காம்பவுண்டு. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் போட்டால் பிசைந்த மாவாகும். கூடவே இருக்கும் வாய்த்தட்டில் வைத்து மச்சான் உன் மேல்தாடையில் அழுத்திப் பிடிக்கட்டும். பிறகு பச்சைத்தண்ணீரை ஊற்றினால் இறுகிவிடும். கழற்றிப் பஞ்சில் சுற்றி அனுப்பு. மெழுகுத் துண்டையும் ஒரு தடவை கடித்து அனுப்பு. மூன்று மாதிரிப் பல் வைத்திருக்கிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, உன் நிறத்துக்கு எது பொருந்துமோ அந்த நம்பரை எழுது. வெள்ளையாக இருப்பதை ஆசைப்பட்டு எடுக்காதே. வெள்ளைப்பல் காட்டிக்கொடுத்துவிடும்.

பல் தெரிகிற போட்டோ ஒன்றும் வேண்டும். நான் சிலோனை விட்டு வந்தபோது பொடியன். முகம் நினைவிருக்கிறது, பல்லின் கணக்கு நினைவில்லை.

முக்கியமாக, பிடுங்கின இடம் முழுதாக ஆறிவிட்டதா? ஆறாத ஈற்றில் அச்சு எடுக்கக் கூடாது.

அன்புத் தம்பி,
அழகர்சாமி

*

கூடலூர்
20.3.1982

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசி. சுகம். உன் பிள்ளைகளின் பரீட்சையெல்லாம் எப்படி?

அச்சு எடுத்தாயிற்று. அந்தக் கூத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன் மச்சான் ஃபேக்டரியில் விறகு தள்ளுகிற கையால் என் தாடையை அழுத்த, மண்டை பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "வாயத் தொறந்து வையி புள்ள, வாயத் தொறந்து வையி" என்று அவர் கத்த, ஊரே வந்து வாசலில் நிற்கிறது. முதல் தடவை நாக்கு வெந்தது. இரண்டாவது தடவை சரியாக வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பதில் பேசாமல் அவர் பேசியது அன்றைக்குத்தான்.

நிறம் இரண்டாம் நம்பர். போட்டோவும் வைத்திருக்கிறேன். நாங்கள் சிலோனைவிட்டுப் புறப்படும் முன் அட்டன் ஸ்டுடியோவில் எடுத்தது. நானும் உன் மச்சானும் பங்கஜமும் இருக்கிறோம். படக்காரன் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டான், அதனால் பல் நன்றாகத் தெரிகிறது. இது ஒன்றுதான் இருக்கிறது, பத்திரமாகத் திருப்பி அனுப்பு.

ஈறு ஆறிவிட்டது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தடிப்பாக இருக்கிறது, அதுவும் வற்றிவிடும். போன வாரம் இரண்டு நாள் லீவு போட்டு ஊட்டிக்குப் போய் வந்தேன். அங்கே சின்ன வேலை இருந்தது.

அன்புடன்,
ராக்கம்மா

*

மதுரை
18.4.1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். எல்லோரும் நலம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் ஊர்க் குளிரில் ஒரு கூடை அனுப்ப முடிந்தால் அனுப்பு.

செட் தயார். டப்பாவைத் திறக்கும்போது மச்சானைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஆறு பல்லும் சிப்பாய் மாதிரி வரிசையாக நின்றால் பார்க்கிறவன் உடனே செய்த பல் என்று சொல்லிவிடுவான். அதனால் ஒன்றின் முனையை லேசாகத் தேய்த்திருக்கிறேன். ஈற்றை ஒட்டித் துளி பழுப்பு ஏற்றியிருக்கிறேன். வலது பக்கத்துக் கோரைப்பல்லைச் சற்று மேலே தூக்கி, பக்கத்துப் பல்லின் மேல் பாதி ஏறி நிற்கிற மாதிரி வைத்திருக்கிறேன். போட்டோவைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, நான்கு தடவை பிரித்து வைத்தேன்.

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் கோணலை நேராக்கித் தரச் சொல்லுவாங்க. நீ நேரைக் கோணலாக்கிக்கிட்டு இருக்கியே அழகரு" என்றார். "இது எங்க அக்கா சார்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் செய்ததில் இதுதான் நல்ல வேலை அக்கா. பெருமையாகவே சொல்கிறேன்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வை. காய்ந்தால் தகடு வளையும். முதலில் கஞ்சி, பிறகு இட்லி, பிறகு தேங்காய்ச்சில். போட்டோ இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பங்கஜம் வருகிற வழியில் இங்கே இறங்கும்போது காட்டிவிட்டு அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

பொருத்திப் பார்த்த அன்றைக்கே எழுது. காத்திருப்பேன்.

உன் தம்பி,
அழகர்சாமி

*

கூடலூர்
25.5.1982

அன்புத் தம்பிக்கு,

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன், திட்டாதே. கொழுந்து அதிகமான காலம், நிமிர நேரமில்லை. நாங்கள் சுகம், அங்கே எப்படி?

பல் வந்தது. மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முன் நெடுநேரம் நின்றேன். அழுகை வந்துவிட்டது தம்பி. லயத்தில் அத்தனை பெண்களும் வந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா "ஈஸ்வரா, சொந்தம் பல்லு போலெ" என்று என் உதட்டைத் தூக்கியே பார்த்துவிட்டாள். உன் மச்சான் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க ஃபேக்டரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டேன்.

இடது பக்கம் மட்டும் கொஞ்சம் நெருக்குகிறது. முதலில் நன்றாகத்தான் உட்கார்ந்தது. இப்போது தகடு ஏறி உட்காராமல் ஆடுகிறது. உன் வேலையில் குற்றமில்லை, என் வாய்தான் கோளாறு பிடித்தது.

பங்கஜத்தின் பாஸ்போர்ட் வரவில்லையாம். ஜூன் இல்லை, ஆகஸ்ட் என்கிறாள். ஆகஸ்ட் என்றால் இன்னும் இரண்டே மாதம்தானே. அதற்குள் கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா?

அக்கா,
ராக்கம்மா

*

மதுரை
3.6.1982

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் பார்த்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தப்பு என்னுடையதுதான். அந்தக் காம்பவுண்டு சூட்டில் இளகும். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே தபால் மூட்டை வெயிலில் கிடந்திருக்கும், அச்சு நெளிந்திருக்கும். பங்குனி வெயிலில் தபாலில் வரவழைத்த மடையன் நான். இடது பக்கம் தடித்திருந்ததை அச்சிலேயே பார்த்தேன். வெயிலில் இளகியது என்று நினைத்து அரத்தால் சீவிவிட்டேன்.

இந்தத் தடவை இப்படிச் செய். புதிதாக அச்சு எடுத்த கையோடு, நான் அனுப்பும் பிளாஸ்டர் மாவைக் குழைத்து அதற்குள் ஊற்றி, இறுகியதும் அந்த வெள்ளை வார்ப்பை அனுப்பு. பிளாஸ்டர் எந்த வெயிலிலும் மாறாது. வாயில் இருப்பது இருக்கிறபடியே எனக்கு வந்து சேரும். அடுத்த செட் பொருந்தாவிட்டால் நான் இந்தத் தொழிலை விட்டுவிடுகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தம்பி,
அழகர்சாமி

*

கூடலூர்
9.8.1982

தம்பிக்கு,

சுகம். மழை விடாமல் பெய்கிறது. நீ சொன்னபடி வெள்ளை வார்ப்பு எடுத்து அனுப்பியிருக்கிறேன். தாமதத்துக்குக் காரணம் ஒன்றுமில்லை.

பங்கஜம் டிசம்பருக்குத் தள்ளிவிட்டாள். அவள் மாமியாருக்குக் கால் முறிந்துவிட்டது, விட்டுவிட்டு வர முடியாதாம். பாவம், அவள் என்ன செய்வாள்.

வார்ப்பைப் பார்த்து நீ எதுவும் கேட்காதே. பல்லை மட்டும் செய்.

ராக்கம்மா

*

மதுரை
23.8.1982

அக்காவுக்கு,

நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப்போவதில்லை. நீ ஆறு மாதமாக எழுதிய சுகத்தையெல்லாம் என் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டேன்.

மார்ச்சில் வந்த அச்சில் வார்த்தது ஒன்று, இப்போது நீ அனுப்பியது ஒன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தேன். இடது பக்க ஈறு சுண்டுவிரல் பருமனுக்கு வளர்ந்து அண்ணம்வரை இறங்கியிருக்கிறது. பல் பிடுங்கிய ஈறு நாளாக நாளாக வற்றத்தான் செய்யும். வளராது. ஆயிரம் வாய் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும்.

டாக்டரிடம் காட்டினேன். அவர் வார்ப்பைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் போனார். "இது யாரு?" என்றார். சொன்னேன். "உடனே போ. செட்டு கிட்டுன்னு பேசிக்கிட்டு இருக்காதே" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். உன்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போகாமல் திரும்பமாட்டேன்.

அழகர்சாமி

*

கூடலூர்
24.9.1982

அன்புத் தம்பிக்கு,

நீ நல்லபடி ஊர் போய்ச் சேர்ந்தாயா? கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல் மதுரை வண்டி ஏறினாய். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

மார்ச்சில் ஊட்டிக்குப் போனேன் என்றேனே, துணுக்கு வெட்டிச் சோதனைக்கு அனுப்பத்தான். ஏப்ரலில் முடிவு சொன்னார்கள். "மேல்தாடையில பாதி எடுத்துப்போடோணுங்கம்மா. இந்த மாசமே பண்ணினா நல்லதுங்க" என்றார் டாக்டர், தங்கமான மனுஷன். "எடுத்தா மொகம் எப்படிங்கய்யா இருக்கும்?" என்று கேட்டேன். "கன்னம் உள்ளே போயிருங்க. கண்ணு கொஞ்சம் எறங்கும். உசுரு இருக்குமுங்க" என்றார்.

பங்கஜம் ஜூனில் வருகிறாளே, இரண்டு மாதம்தானே, அவள் பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் வெட்டிக்கொள்வோம் என்று நினைத்தேன். அப்புறம் ஆகஸ்ட் ஆயிற்று. அதுவும் இரண்டு மாதம்தானே என்றிருந்தேன். அப்புறம் டிசம்பர். ஒரே தடவையாக எட்டு மாதம் என்று சொல்லியிருந்தால் ஏப்ரலிலேயே போயிருப்பேனோ என்னவோ. இப்போது கோயம்புத்தூர் டாக்டர் உன்னிடம் சொன்னதை நானும் கேட்டேன். வெட்டுகிற காலம் போய்விட்டது, கதிர் பாய்ச்சிக் கரண்டு வைத்துப் பார்க்கலாம், அதுவும் வலி குறைவதற்குத்தான். கரண்டு வைத்தால் முகம் கருகும் என்று பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள். டிசம்பர் போகட்டும்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். வீக்கம் இருக்கிற இடத்தில் தகட்டை வெட்டிவிட்டு, வலப்பக்கக் கொக்கியில் மட்டும் நிற்கிற மாதிரி ஒன்று செய்து கொடு. மூன்று நாள் நின்றால் போதும். பங்கஜம் மதுரையில் இறங்கும்போது ஒன்றும் சொல்லாதே. "நீதான் என்னைத் தூக்கி வளர்த்தாய்" என்று அடிக்கடி சொல்வாயே, அந்தக் கடனுக்கு இதைச் செய்.

அக்கா

*

கூடலூர்
9.1.1983

அன்புத் தம்பி அழகர்சாமிக்கும் மூக்கம்மாவுக்கும்,

அக்காவின் ஆசி. நவம்பரில் உன் பார்சல் வந்தது. உள்ளே கடிதம் இல்லை, பல் மட்டும் இருந்தது. புரிந்துகொண்டேன்.

பங்கஜம் மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். மூன்று நாளும் நான் செட்டைக் கழற்றவில்லை, தூங்கும்போதும். மார்கழி விரதம் என்று சொல்லிக் கஞ்சி மட்டும் குடித்தேன். இடது கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்துப் பதறினாள். கொழுந்துக் காட்டில் குளவி கொட்டியது என்றேன். அவளும் தோட்டத்துக்காரி, குளவிக்கொட்டு அறியாதவளா? வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்து, என் கன்னத்தில் மெதுவாகத் தடவி விட்டாள். மூன்று நாளும் காலையும் மாலையும் தடவினாள் தம்பி. அந்த விரல் பட்டபோதெல்லாம் வலி உச்சந்தலையில் ஏறியது. இருந்தும் அவள் நிறுத்திவிடக் கூடாதே என்றிருந்தது.

பஸ் ஏறும்போது ஜன்னலில் தலையை நீட்டி என் முகத்தையே பார்த்தாள். எங்கே கண்டுபிடித்துவிட்டாளோ என்று எனக்கு உயிர் போய் வந்தது. பஸ் திரும்புகிறவரை சிரித்தேன். வீட்டுக்கு வந்து செட்டைக் கழற்ற உன் மச்சானுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அப்புறம் அதை நான் போடவில்லை. இனிப் போட முடியாது.

இன்னொன்று. சொல்லாமலே விடலாம் என்றிருந்தேன். ஆனால் நீ என் ஞாபகமாக வேறு யாருக்காவது இதைப் பார்த்துச் செய்துவிடக் கூடாது. என் தெத்துப்பல் இடது பக்கம். நீ வலது பக்கம் வைத்துவிட்டாய். முதல் நாள் கண்ணாடியில் பார்த்ததுமே தெரிந்தது. மச்சானும் கண்டுகொண்டார், நான்தான் வாயை அடைத்தேன். நான்கு தடவை பிரித்து வைத்தேன் என்று எழுதியிருந்தாயே, உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பங்கஜம் கவனிக்கவில்லை. அதனால் நீ மனத்தில் வைக்காதே.

பிள்ளைகளை நன்றாகப் படிக்க வை. நான் போனபின் பங்கஜத்துக்கு உடனே எழுதாதே. கடல் தாண்டி அழுதுகொண்டு ஓடிவர அவளுக்குத் தோதில்லை.

இப்படிக்கு,
உன் அக்கா,
ராக்கம்மா

*

தலவாக்கொல்லை
4.6.1983

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

பங்கஜம் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மருமகனும் பிள்ளைகளும் சுகம். தாங்களும் அத்தையும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன்.

அம்மாவுக்கு நான்கு கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்பாவுக்கு எழுத வராது. நீங்கள் ஒரு எட்டுப் போய்ப் பார்த்து எழுத வேண்டும். மனசு சரியில்லை.

இன்னொரு காரியம் உங்களிடம்தான் கேட்க வேண்டும். என் மூத்தவளுக்குப் பதினொரு வயது. மேலே கோரைப்பல் புதிதாக முளைத்து, பக்கத்துப் பல்மேல் ஏறி நிற்கிறது. அசல் அம்மாவின் தெத்துப்பல்! கல்யாணத்துக்கு இடைஞ்சல், பிடுங்கிவிடு என்கிறார் மாமியார். பல் தெரிந்தவர் நீங்கள். பிடுங்கலாமா?

ஒன்று சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லாதீர்கள். இவளுக்கு அது இடது பக்கம் முளைத்திருக்கிறது. அம்மாவுக்கும் இடது பக்கம்தான் என்று பதினொரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். தினமும் படுக்குமுன் கண்ணை மூடிப் பார்த்துக்கொள்கிற முகம் அது. அங்கே வந்து பார்த்தால் வலது பக்கம் இருக்கிறது. மூன்று நாளும் அதையே பார்த்தேன். பஸ்ஸில் ஏறின பிறகும் பார்த்தேன். பெற்ற தாயின் முகத்தையே மறந்துபோன மகள் நான் மாமா. இப்போது கண்ணை மூடினால் இரண்டு முகமும் மாறி மாறி வருகிறது. எது அம்மா என்று தெரியவில்லை.

பதில் உடனே போடுங்கள்.

தங்கள் மருமகள்,
பங்கஜம்

*

மதுரை
18.7.1983

அன்புள்ள பங்கஜத்துக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். இதைக் கிழிக்காமல் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அம்மா மே மாதம் மூன்றாம் தேதி போய்விட்டாள். வாயில் புற்று. நீ வந்தபோது குளவி கொட்டியதாகச் சொன்ன கன்னம்தான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தாள். போன வருஷம் ஏப்ரலிலேயே தாடையை எடுத்திருந்தால் இருந்திருப்பாள். நீ வந்து பார்க்கிறவரை முகம் முகமாக இருக்க வேண்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். நீ வருவது தள்ளிப்போனது உன் குற்றமில்லை. அடுத்த செட் பொருந்தும், கொஞ்சம் பொறு என்று எழுதி எழுதி அவளைப் பொறுக்க வைத்தவன் நான். முதல் அச்சிலேயே வீக்கம் இருந்தது. வெயிலில் இளகியது என்று அதை அரத்தால் சீவியதும் இந்தக் கைதான்.

நீ பார்த்த பல் அவளுடையது இல்லை. முன்பல் ஆறும் அதற்கு முன்பே போய்விட்டன. நான் செய்து கொடுத்தது. "அம்மா மாறவே இல்லை மாமா, பல்லுகூட அப்படியே இருக்கு" என்று ராமேஸ்வரம் ரயிலில் ஏறும்போது நீ சொன்னாய். அம்மா முகத்தை மறந்தது எனக்குத் தெரியக் கூடாது என்று சொன்னாயோ, உன் மனதைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாயோ, எனக்குத் தெரியாது. நான் தலையை ஆட்டினேன். அந்த ரயில் போனபின் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அட்டனில் எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீ வந்தபோது எடுத்துக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. அதைப் பார்த்துத்தான் செய்தேன். அப்பாவின் சட்டைப் பையைப் பார். வலது மார்பில் இருக்கிறது. எந்தச் சட்டைக்கு வலப்பக்கம் பை வைப்பார்கள்? ஸ்டுடியோக்காரன் ஃபிலிமைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டான். பூதக்கண்ணாடி வைத்துப் பல்லை மட்டும் பார்த்தவன், பக்கத்தில் நின்ற சட்டைப் பையைப் பார்க்கவில்லை. அக்கா தன் கடைசிக் கடிதத்தில் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த செட்டை அப்பா என்னிடம் அனுப்பிவிட்டார். மேஜை டிராயரில் இருக்கிறது. பற்களைப் பிரித்து, தெத்துப்பல்லை இடது பக்கம் மாற்றி வைக்க அரைநாள் வேலைதான். மாற்றி யார் வாயில் வைப்பது?

உன் மகளின் பல்லைப் பிடுங்காதே. யார் சொன்னாலும் பிடுங்காதே.

போட்டோவை வெளிச்சத்தில் கண்ணாடிக்கு முன்னால் பிடி. போட்டோவைப் பார்க்காதே, கண்ணாடிக்குள் பார். பை அதன் இடத்துக்கு வந்துவிடும். பல்லும் வந்துவிடும். அங்கே தெரிகிறவள்தான் உன் அம்மா. இடது பக்கம்தான் அம்மாடி. நீ மறக்கவில்லை.

உன் மாமன்,
அழகர்சாமி